அலகை நிறுத்துவது யார்? – புல்வெட்டும் பொறியின் வரலாறு

புற்றரையை வெட்டுவதற்கும் ஒரு சரித்திரம் உண்டோ என்று நேயர்கள் நகைக்கக்கூடும். பாடசாலை மைதானத்தில் ஒருவர் பொறியொன்றைத் தள்ளிக்கொண்டு போவதையும், வெட்டுண்ட புல்லின் மணம் காற்றிற் கலப்பதையும் நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு மேல் ஆராய்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் இப்பொறி பிறந்த நாள் தொட்டு அதனை ஆக்கியோரும் ஓட்டியோரும் விடை தேடிவந்த வினா ஒன்று உண்டு. கூரிய அலகு சுழலும் வேளையில் மனிதன் எங்கே நிற்பது? அவன் வேண்டும்போது அவ்வலகை நிறுத்துவது எது? இன்று அமெரிக்காவிலே கூலிக்குப் புல்வெட்டும் தொழிலாளர், சிறு பலகையொன்றின்மீது நின்றபடி ஓட்டிச் செல்லும் பெரும் பொறியும் அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றாகும். அப்பொறியைப் பற்றிச் சொல்லவேண்டுமாயின் முதலில் இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயர்ப் பகுதியிலே, ஸ்ரவுட் என்னும் ஊரை அடுத்த பள்ளத்தாக்கு, கம்பளித் துணிக்குப் பேர்போனது. நெய்து முடித்த கம்பளியின் மேற்புறத்தில் மயிர் துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சீராகக் கத்தரிப்பதற்கென, உருளையின்மீது சுருளாக அலகுகளைப் பொருத்திய இயந்திரம் ஒன்று அங்கிருந்த ஆலைகளில் ஓடிற்று. எட்வின் பட்டிங் என்னும் இயந்திரத் தொழிலாளி அதனை உற்றுநோக்கினார். துணியின் மயிரைச் சிரைக்கும் அலகு நிலத்தின் புல்லைச் சிரைக்காதா என்று எண்ணினார். 1830ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆந் திகதி அவருடைய பொறிக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜோன் ஃபெரபீ என்பவர் தம் வார்ப்பட்டறையில் அதனை உற்பத்தி செய்தார். அயலார் பைத்தியம் என்று சொல்வார்களே என அஞ்சி, பட்டிங் இரவு நேரத்திலேதான் பொறியைச் சோதித்துப் பார்த்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. அது மெய்யோ பொய்யோ, கேட்பதற்குச் சுவையாக இருக்கிறது. திருகித் திருகி அகலத்தை மாற்றக்கூடிய முறுக்குச்சாவி ஒன்றை ஆக்கிய பெருமையும் இவருக்கு உண்டு. 1846இல் அவர் காலமானார்.

அதற்கு முன்னர்ப் புற்றரை எவ்வாறு வெட்டப்பட்டது? நெடிய பிடியுள்ள வளைந்த அரிவாளை இரு கைகளாலும் வீசி வெட்டினர். பனி ஈரம் உலருமுன் புல் நன்றாக வெட்டுப்படும் ஆதலால் வேலையாட்கள் விடியற்காலையிலேயே வரிசையாக இறங்குவர். கைதேர்ந்தவர்களே அதனைச் செய்ய முடியும். பட்டிங்கின் பொறி வெட்டிய அகலம் 19 அங்குலம். இலண்டன் றீஜன்ற் பூங்காவிலுள்ள விலங்கியற் சோலையினர் அதனை முதலில் வாங்கிப் பயன்படுத்தியோருள் அடங்குவர். 1832இல் இப்சுவிச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனத்தார் உரிமை பெற்றுத் தாமும் செய்து விற்கத் தொடங்கினர்.

இப்பழைய பொறியில் நாம் கவனிக்கவேண்டிய அமிசம் ஒன்று உண்டு. பின்னாலிருந்த கனத்த உருளை நிலத்தில் உருள, அதனோடு பிணைந்த பற்சில்லுகள் அலகுகளைச் சுழற்றின. அலகுக்கு வேறு விசை கிடையாது. ஆள் தள்ளினால் அலகு சுழலும்; ஆள் நின்றால் அலகும் நிற்கும். கல் தடுக்கி விழுந்தாலும், மயங்கிச் சாய்ந்தாலும், யாரோ அழைக்கத் திரும்பிப் பார்த்தாலும் பொறி தானாகவே அடங்கிவிடும். பட்டிங் இதனைப் பாதுகாப்பு என்று கருதிச் செய்தாரல்லர். மனித வலுவைத் தவிர வேறு வலு அவர் பொறிக்கு இருக்கவில்லை, அவ்வளவே. ஆயினும் அவ்வமைப்பு அலகை மனிதனுடைய உடம்போடு கட்டி வைத்திருந்தது.

அக்கட்டு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. 1842இல் ஸ்கொத்லாந்தின் ஆர்புரோத் நகரத்து அலெக்சாந்தர் சாங்ஸ் என்பவர் மட்டக்குதிரை இழுக்கும் பெரிய பொறியை ஆக்கினார். குதிரையின் குளம்பு புற்றரையைக் கிழிக்காதிருக்கும்படி அதன் கால்களுக்குத் தோற்சப்பாத்து அணிவித்தனர்! குதிரை வெருண்டால் அலகும் அதனோடு ஓடும் என்பது புதிய கவலை. 1893இல் லங்காசயரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் நீராவியால் இயங்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். நீர் கொதிக்கும்வரை காத்திருக்கவேண்டிய அந்தக் கனத்த பொறியின் காலம் நீடிக்கவில்லை. 1902இல் ரான்சம்ஸ் நிறுவனத்தார் பெற்றோல் எஞ்சின் பூட்டிய பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அன்று முதல், ஆள் நின்றாலும் அலகு சுழன்றுகொண்டேயிருக்கக்கூடிய காலம் வந்தது.

அலகின் வடிவமும் மாறிற்று. சுருளலகு கத்தரிக்கோலைப்போற் புல்லை இரு விளிம்புகளுக்கிடையே பிடித்து வெட்டுவது. 1930களில் இங்கிலாந்தில் வேறொரு வகை தோன்றியது. அதில் தட்டையான அலகு நிலத்துக்குச் சமாந்தரமாக, விசிறிபோல மிக வேகமாகச் சுழன்று, அந்த வேகத்தினாலேயே புல்லை அறுத்தெறியும். 1952இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர்ப் புறத்திலே, மேர்வின் விக்டர் றிச்சார்ட்சன் என்பவர் தம் வீட்டு மோட்டர்க் கொட்டகையில் இத்தகைய பொறியொன்றை ஆக்கினார். பீச்சுப்பழம் அடைத்து வந்த வெற்றுத் தகரமே அதற்குப் பெற்றோல் தாங்கியாயிற்று. பின்னர் ‘விக்டா’ என்ற பெயரில் அது பெரும் புகழ் ஈட்டியது. உயர்ந்த புல்லையும் வெட்டும், விலையும் மலிவு, பழுதுபார்த்தலும் எளிது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் நகர்ப்புற வீடுகள் பெருகியபோது வீட்டுக்கொரு சுழலலகுப் பொறி சேர்ந்தது.

அந்த அலகு ஒரு செக்கனில் ஏறக்குறைய 50 முறை சுழல்வது. அலகு நுனியின் வேகத்துக்கு அமெரிக்க நியமம் விதித்த உச்ச எல்லை நிமிடத்துக்கு 19,000 அடி. மணித்தியாலக் கணக்கிற் கூறின் ஏறக்குறைய 347 கிலோமீற்றர். கண்ணுக்குத் தெரியாத அந்த அலகின் ஓரத்துக்குக் காலையோ கையையோ கொண்டு சென்றோர் தொகை சிறிதன்று. அமெரிக்காவின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 1970களில் மதிப்பிட்டபடி, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 77,000 பேர் இவ்வலகு பட்டுக் காயமுற்றனர். விரல் துண்டிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் 7,300. கால்விரல் துண்டிக்கப்பட்டவை 2,600. இவை போர்க்களத்துக் கணக்குகள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு முற்றத்திலே நடந்தவை. ஈரப்புல் அடைத்துக்கொண்டது, அதைக் கையால் எடுத்துவிடுவோம் என்று குனிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

1979இல் ஆணைக்குழு விதி வகுத்தது. கைப்பிடியைப் பிடித்திருக்கும்வரைதான் அலகு சுழலவேண்டும். விட்ட 3 செக்கனுக்குள் அது நின்றுவிட வேண்டும். புகைவண்டியிலும் ட்றாம் வண்டியிலும் சாரதி கைசோர்ந்தால் வண்டியை நிறுத்தும் பிடியைப் போன்றதே இதுவும். உற்பத்தியாளர் வழக்குத் தொடர்ந்தனர். 1980இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 3 செக்கன் விதியை உறுதிப்படுத்தியது. எஞ்சினை ஓடவிட்டு அலகை மாத்திரம் நிறுத்துவதற்குத் தனித் தடையும் பிணைப்பும் வேண்டும். அதனால் விலை ஏறும். அலகோடு எஞ்சினும் நிற்குமாயின் கயிறிழுத்து மீண்டும் கிளப்பவேண்டும். சலிப்புற்றவர் பிடியைக் கயிற்றாற் கட்டிவிடுவார் என்ற அச்சம் எழுந்தது. 1981இல் அமெரிக்கக் காங்கிரஸ் எஞ்சினை நிறுத்தும் முறையையும் அனுமதித்தது. 1982ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதிக்குப் பின் உற்பத்தியான வீட்டுப் பொறிகளுக்கு விதி நடைமுறைக்கு வந்தது. பட்டிங்கின் பொறியிற் கேளாமலே கிடைத்த நன்மை, நூற்றைம்பது ஆண்டுகளின் பின் சட்டத்தின் வலுவால் மீண்டது எனலாம்.

ஆனால் அவ்விதி வீட்டுக்காரர் தள்ளிச்செல்லும் பொறிக்கே உரியது. கூலிக்கு நாள்முழுதும் வெட்டுவோரின் பெரும் பொறி அதனுள் அடங்கவில்லை. அது தொழில்துறையார் தாமே வகுத்துக்கொண்ட நியமத்துக்கு விடப்பட்டது. மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் இவ்வேலையிலே உள்ளனர் என்பதை நினைக்கும்போது, வீட்டுக்காரரின் விரலுக்கு இருந்த மதிப்பு கூலியாளின் விரலுக்கு இருக்கவில்லையோ என்று கேட்கத் தோன்றுகிறது. அக்கூலியாளர் கனத்த பொறியின் பின்னால் மைல் கணக்கில் நடந்தனர். கால் ஓய, சில்லுப் பூட்டிய சிறு பலகையைப் பொறியின் பின்னே கொழுவி அதன்மேல் நின்று சென்றனர். வேலைத்தலப் பாதுகாப்பு விதிகளோ இவ்வாறு பலகை கொழுவிய பொறியைத் தமது அளவைகளுக்குப் புறம்பாக்கின. 1990களில் மேரிலாந்து மாநிலத்து ரைட் நிறுவனம் அப்பலகையைப் பொறியின் உடலோடு ஒன்றாக்கிற்று. நின்று ஓட்டும் புல்வெட்டி இவ்வாறு உருவாயிற்று.

இப்பொறி 36 அங்குலம் முதல் 60 அங்குலத்துக்கு மேலும் அகலமாக வெட்டுவது. நிறை பல நூறு கிலோகிராம். பின்சில்லு இரண்டையும் தனித்தனியே எண்ணெய் அமுக்கத்தால் இயக்குவர். ஒரு சில்லு முன்னும் மற்றது பின்னும் சுழன்றால் பொறி நின்ற இடத்திலேயே திரும்பும். முன்சில்லுகள் திசையை நடத்துவனவல்ல. இழுத்த பக்கம் உருள்வன. இதனை நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். மோட்டர் வண்டியில் திசைதிருப்புவது வேறு, நிறுத்துவது வேறு. இங்கோ இரண்டும் பின்சில்லுகளின் பிடிமானத்திலேயே தங்கியுள்ளன. ஈரப்புல்லிற் சரிவிறங்கும்போது அச்சில்லுகள் வழுக்குமாயின், திருப்பவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. பொறி தன் போக்கிற் கீழே செல்லும். பல உற்பத்தியாளர் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டலாகாது என்பர். சிலர் அதனிலும் குறைந்த எல்லையே விதிப்பர். 15 பாகை என்பது 100 அடி தூரத்தில் 27 அடி ஏறும் சரிவு. குளக்கரை, மதகு, தாங்குசுவர் முதலியவற்றின் ஓரங்களைக் கைப்பொறிக்கு விட்டுவிடுவதே அறிவு.

இருந்து ஓட்டும் பெரும் பொறிக்கு, கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்பு வளைவும் இடுப்புப் பட்டியும் உண்டு. நின்று ஓட்டுபவருக்கு அவை இல்லை. ஆபத்து வந்தால் பின்புறமாக இறங்கிவிடலாம் என்பதே அவருடைய காப்பு. முழங்கால் மடங்கி அதிர்ச்சியைத் தாங்கும். நின்ற உயரத்திலிருந்து முன்னால் உள்ள கல்லும் குழியும் தெரியும். ஆயினும் பின்னோக்கி ஓட்டும்போது அதே நிலை பகையாகிறது. சுவருக்கோ மரத்துக்கோ பொறிக்கோ இடையில் அகப்படுவது அவருடைய முதுகு. ஆகையால் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, மெல்லவே பின்செல்ல வேண்டும். தாழ்ந்த கிளைகளும் கவனத்துக்குரியன.

பலகையை விட்டு இறங்கினாலோ, பிடிக்கவேண்டிய சட்டத்தை விட்டாலோ அலகு நிற்கும்படி இப்பொறிகள் அமைந்துள்ளன. நாள்தோறும் வேலைக்குமுன் இதனைச் சோதித்தல் முறை. அலகு ஆளியைப் போட்டபடி எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தால் கிளம்பக் கூடாது. கிளம்பினால் அன்று அப்பொறியால் வேலை செய்யக் கூடாது. வேலை சுணங்குகிறதே என்று ஆளியைக் கம்பியால் இணைத்துவிடும் முதலாளிமாரும் உண்டு; 1981இல் அஞ்சிய கயிற்றின் மறுபிறப்பு அது. வெட்டிய புல் வெளியேறும் வாயின் மூடியைத் தூக்கிக் கட்டுவதும் அத்தகையதே. அவ்வாயிலூடாகப் புல் மட்டுமா வரும்? கல்லும் ஆணியும் துப்பாக்கி ரவை போல் வரும். வெட்டுமுன் நிலத்தை நடந்து பார்த்துப் பொறுக்கவேண்டுவது இதனாலேயே. அயலில் சிறுவர் வந்தால் அலகை நிறுத்திவிட வேண்டும். காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு வலிய சப்பாத்து ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

பராமரிப்பிலேதான் அனுபவசாலிகளும் அடிபடுகின்றனர். அலகைத் தொடுமுன் சாவியை எடுத்து, பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்கிவைக்க வேண்டும். வெட்டுக்கூட்டை உயர்த்தினால் யக்கை மட்டும் நம்பாது கட்டையோ தாங்கியோ வைக்கவேண்டும். மழுங்கிய அலகு புல்லை அறுக்காது கிழிக்கும், நுனி பழுப்பேறும். தீட்டியபின் அலகின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தால் எப்பக்கம் கனம் என்பது தெரியும்; கனத்த பக்கத்தை மேலும் தேய்க்கவேண்டும். சமன் கெட்ட அலகு அச்சை ஆட்டி அழிக்கும். வளைந்ததை நிமிர்த்துவதும் வெடித்ததை ஒட்டுவதும் ஆகாது, புதியதே பூட்டவேண்டும். எண்ணெய்க் குழாயில் ஒழுக்கு உண்டோ என்று விரலால் தடவிப் பார்ப்பது பெரும் பிழை. ஊசித்துளையினூடாகப் பாயும் அமுக்க எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும்; உடனே சத்திர வைத்தியம் செய்யாவிடின் அவயவமே போய்விடலாம். கடுதாசி மட்டையைக் குழாயருகே பிடித்தால் ஒழுக்குத் தெரிந்துவிடும். எஞ்சினையும் புகைக்குழாயையும் சுற்றி உலர்ந்த புல் சேரவிடலாகாது, தீப்பற்றும். சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் வார்ப்பதும் தீயை அழைப்பதே.

அண்மை ஆண்டுகளில் பற்றரியால் இயங்கும் நின்று ஓட்டும் புல்வெட்டிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றிற் பெற்றோலும் இல்லை, புகையும் இல்லை, இரைச்சலும் குறைவு. எஞ்சினின் ஓசை அடங்கிவிட்டதால் ஆபத்து நீங்கிற்று என்று பழகிய காதுக்கு இங்கே வேலை இல்லை. நிற்கும் பொறி உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்பதை ஓசை சொல்லாது. ஆதலால் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டு, பற்றரித் தொடுப்பையும் பிரித்து, அலகு நின்றதைக் கண்ணாற் கண்ட பின்னரே தொழிலாளி வெட்டுக்கூட்டின் அடியில் கையை வைக்கிறார்.