சாமி மண்ணுக்குள் போன பிறகு: மீரியபெத்தையும் தோட்டச் சமயத்தின் சிதறலும்

தெய்வங்கள் மறைந்துபோன உலகைக் கற்பனை செய்யும் புனைகதைகளில் அடியார்கள் கொள்கைச் சண்டையால் பல கிளைகளாகப் பிரிவார்கள். இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்கள் அத்தகைய இழப்பை இருமுறை நேரில் கண்டவை. ஆனால் அங்கே சமயம் கொள்கையால் சிதறவில்லை. சாமியைத் தாங்கி நின்ற வேலை ஒழுங்கு குலைந்ததாலேயே சிதறியது என்பது என் வாதம்.

2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களோடு கோயிலும் புதைந்தது. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. வீடிழந்தோர், இறந்தோர் பற்றிய அறிக்கைகள் பல வந்தன. கோயில் அவற்றில் சேதப் பட்டியலின் ஒரு வரியாக மட்டுமே நின்றது.

புதைந்தது என்ன என்பதை அறியத் தோட்டத்துச் சாமிகள் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளோடு வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் உடன் கொணர்ந்தார்கள். தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் புதிய இடத்தில் சாமியை நிலைநிறுத்துவது தமிழ்நாட்டுக் குலதெய்வ வழக்கம். இடம்பெயர்வதற்கு இசைந்த சமயம் அது. மலைக்கு வந்தபின் இங்கேயே பிறந்த சாமிகளும் சேர்ந்தன: பேக்டரிச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி, செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டுக்குத் துணை நிற்கும் கவ்வாத்துச்சாமி. தேயிலைச் செடியில் முதல் கத்தி படுமுன் மலையடியில் ஒரு கல்லுக்குப் பொட்டிட்டு, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சேவலை அறுத்துப் படைப்பார்கள். சேவலின் இரத்தம் விழுந்த பிறகுதான் கவ்வாத்துக் கத்தி செடியைத் தொடும். இங்கே வழிபாட்டையும் வேலையையும் பிரித்துப் பார்க்க இயலாது.

பெரிய கோயிலின் திருவிழாவும் இதே அமைப்பில்தான் நடந்தது. திருவிழாப் பணம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பிடிக்கப்பட்டது. தோட்டத் தலைவர்மார் முன்னின்று நடத்தினார்கள். தோட்ட நிர்வாகியான துரைக்கு மாலை போட்டார்கள், தோட்டம் லீவு கொடுத்தது. இந்த ஏற்பாட்டில் சாதி அடுக்கும் துரைத்தனமும் இருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் கரகம் எந்த லயத்து வாசலில் எப்போது நிற்கும், காமன்கூத்தில் யாருக்கு எந்த வேஷம் என்பதையெல்லாம் எழுதாமலே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தது அதுவே.

முதல் உடைவு 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றிருந்த தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது அது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னார்க் கப்பலேறியவர்களில் பூசாரிகள் இருந்தார்கள், கூத்து வாத்தியார்கள் இருந்தார்கள், உடுக்கடித்துப் பாடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சாமி இடத்திலேயே இருக்க, அதை அழைக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் பல இடங்களில் ஆகமக் கோயிலும் ஐயரும் கும்பாபிஷேகமும் வந்து அமர்ந்தன; பலி குறைந்தது, முனியாண்டி ஓரத்துக்குப் போனார். இன்னொரு பக்கம் பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்தன. ஆகமமயமாக்கமே தோட்டச் சமயத்தைச் சிதைத்தது என்பாருண்டு. அதைக் காரணமாகக் கொள்வதைவிட விளைவாகக் கொள்வதே பொருந்தும் என்பேன்.

மீரியபெத்தையில் நடந்தது இதன் மறுபுறம்: சாமியும் இடமும் போக, ஆட்கள் எஞ்சினார்கள். பிடிமண் இருக்கிறதே, வேறிடத்தில் கோயில் கட்டிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆனால் அந்த மண்ணுக்குள் மீட்கப்படாத உடல்கள் இருக்கின்றன. சாமிக்கு எடுக்க வேண்டிய மண்ணே உறவினரின் புதைகுழியும் ஆகிவிட்டது. பிடிமண் வழக்கம் இத்தகைய நிலையை எதிர்பார்த்து உருவானதன்று. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பழைய பேக்டரியிலும் தங்கவைக்கப்பட்டு, பிறகு மாக்கல்தெனியவில் 75 வீடுகளில் குடியேறினார்கள். ஒரு லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தவர்கள் தனித்தனி வீட்டுக்காரர்கள் ஆனார்கள். இது நல்ல மாற்றம்; லயக்காம்பராவுக்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை. ஆனால் கரகம் சுற்றிய பாதை அந்த லய வரிசையால் ஆனது. வரிசை போனபின் எந்த வீட்டு வாசலில் முதலில் நிற்பது என்பதே பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாகிறது.

கி.பி. 70இல் ஜெருசலேம் ஆலயம் அழிந்தபின் யூத சமயம் பலியை விட்டு நூலையும் தொழுகையையும் பற்றிக்கொண்டு நிலைத்தது. தோட்டச் சமயத்துக்கு அப்படிப் பற்றிக்கொள்ள நூல் கிடையாது. அதன் நினைவு முழுவதும் ஆட்களிடமும் இடத்திலும் வேலை நாட்காட்டியிலும் இருந்தது. ஆகவே இங்கே இடமாற்றம் என்பது ஒரு நூலகத்தை இடிப்பதற்குச் சமம்.

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. தோட்டக் கோயில்கள் பலவும் நிற்பது தோட்ட நிலத்தில். மக்கள் பெயரில் நில உறுதி இல்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் கம்பெனி நிர்வாகத்துக்குப் போனபோதும் கோயில்களும் நிலத்தோடு நிலமாகக் கைமாறின. உறுதி இல்லாத கோயில் மண்சரிவில் போனால் அதற்கு ஈடு கேட்க யாருக்கும் வழியில்லை. மீரியபெத்த மீள்குடியேற்றத் திட்டம் வீட்டுக் காணியை 7 பேர்ச்சஸ் என்று அளந்தது. சாமிக்கும் சுடுகாட்டுக்கும் கூத்துக் களரிக்கும் அந்த அளவுகோலில் இடமிருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்தது. புதிய குடியேற்றங்கள் திட்டமிடப்படும் இந்நேரத்தில் கோயில் நிலத்தை ஊர்ப்பொதுப் பெயரில் உறுதி எழுதித் தர வேண்டும். ஆபத்து வலயத்தில் உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் சாமிகளின் பெயர், இடம், பூசை முறை, கரகப் பாதை ஆகியவற்றை அங்குள்ள முதியவர்களின் வாய்மொழியிலேயே பதிவுசெய்ய வேண்டும். பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அடுத்த மழைக்காலத்துக்கு முன் இந்தப் பணியைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.