நியூ அல்மடென் பாதரசச் சுரங்கம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் ஹோசே நகருக்குத் தெற்கே உள்ள கைவிடப்பட்ட சுரங்கம். 1840-களில் தொடங்கி 1970-கள் வரை இயங்கியது. இதன் பாதரசம் கலிபோர்னியத் தங்க வேட்டையில் பொன்னைப் பிரித்தெடுக்கப் பயன்பட்டது. செந்நிறச் சின்னபார் தாதுவைச் சூளையில் வறுத்தபின் எஞ்சிய கசடு, பாதரசம் முழுதும் நீங்காமலேயே ஓடைக்கரைகளில் கொட்டப்பட்டது. மழை அதை அரித்து, குவாடலூப் ஆற்றின் வழியே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் சேர்க்கிறது. அப்பகுதி நீர்த்தேக்கங்களில் ஆக்சிசன் குன்றிய அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. தெளிந்த நீரைக் கண்டு ஏமாறக் கூடாது: பாசியிலிருந்து சிறுமீனுக்கும், அதிலிருந்து பெருமீனுக்கும் ஏறஏற இந்த நஞ்சு செறிகிறது; அம்மீனை உண்ணும் தாயின் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. சுரங்கப் பகுதி இன்று பொதுப் பூங்கா. அருகிலுள்ள அல்மடென், குவாடலூப் நீர்த்தேக்கங்களில் பிடிக்கும் மீனை உண்ணக் கூடாது.