பேட்டையும் குடியிருப்பும்: அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் அரசின் தொழில்வளர்ச்சி உதவி

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் மேற்குப் புறநகரில் 1950களின் பிற்பகுதி முதல் அரசு வழங்கிய தொழில்வளர்ச்சி உதவி இரு வேறு வடிவங்களில் அமைந்தது. ஆவடியில் அரசே ஆலையை நடத்தி, அதனுடன் குடியிருப்பையும் கட்டியது. அம்பத்தூரில் நிலம், சாலை, மின்சாரம், தொழிற்கூடம் ஆகியவற்றைத் தந்து, தொழிலாளர் வாழ்விடத்தைத் தொழிலாளரிடமே விட்டது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அதன் செலவை யார் ஏற்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொழிற்பேட்டை, சிறுதொழில், அம்பத்தூர், ஆவடி, தொழிலாளர் குடியிருப்பு, சிட்கோ

முன்னுரை

1856ஆம் ஆண்டு இராயபுரத்திற்கும் வாலாசா சாலைக்கும் இடையே திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை, சென்னைக்கு மேற்கே ஏரிப்பாசன ஊர்கள் பலவற்றை ஊடறுத்துச் சென்றது. அப்பாதையில் இன்று பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி ஆகிய நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இக்குறுகிய தொலைவுக்குள் விடுதலை பெற்ற இந்தியாவின் தொழில்வளர்ச்சிக் கொள்கை இருவகையாகச் செயற்படுத்தப்பட்டது. காலை எட்டு மணியளவில் பட்டரவாக்கம் நிலையத்தில் நிற்பவர் எவரும் அதன் ஒரு வகையைக் கண்ணாற் காணலாம். தொழிற்பேட்டைக்குச் செல்வோர் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றனர். மாலையில் அவ்வாறே திரும்புகின்றனர். ஆவடிப் படைக்கல ஆலைகளிலோ பணியாளருள் ஒரு பகுதியினர் ஆலையின் குடியிருப்பிலிருந்தே வேலைக்குச் செல்கின்றனர்.

தொழிற்பேட்டைகள் பற்றிய தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலும் தொழில்முனைவோரையும் அரசுக் கொள்கையையும் மையமாகக் கொண்டவை. ஜேம்ஸ் பெர்னா 1960இல் வெளியிட்ட ஆய்வு, சென்னை மாநிலத்தின் 52 பொறியியல் தொழில் நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தொடங்கியவர்களின் பின்புலத்தை விளக்கியது. பி. சி. அலெக்சாண்டரின் இந்தியத் தொழிற்பேட்டைகள் பற்றிய நூல் 1963இல் வந்தது. இவை இன்றும் பயன்படும் நூல்களே. ஆயினும் உதவி பெற்றவர் என்றால் மனை பெற்றவர் என்றே பொருள்கொள்ளும் வழக்கம் இத்தகைய ஆய்வுகளின் வழியே நிலைபெற்றது. தொழிற்கூடத்தினுள் நின்று வேலை செய்தவர் எங்கே உறங்கினார் என்ற வினா அவற்றுள் முதன்மை பெறவில்லை.

பேட்டை என்னும் சொல்

தொழில் நிமித்தம் அரசு ஒரு குடியேற்றத்தை அமைப்பது சென்னைக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் ஜோசப் காலெட் பெயரால் திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டை அமைந்தது. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் ஆற்றின் வளைவில் இருந்த தோட்டநிலத்தில் சிந்தாதிரிப்பேட்டை உருவாயிற்று. நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர், அவர்தம் கோயிற் பணியாளர் ஆகியோரே அங்குக் குடியிருக்கலாம் என்பது நிபந்தனை. கம்பெனியின் நோக்கம் அறம் அன்று. ஏற்றுமதிக்குத் துணி தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்பதே. எனினும் நெசவாளர்க்குத் தறி இருந்த இடமே வீடாகவும் இருந்தமையால், தொழிலுக்கு இடம் தருவது வாழ்வதற்கு இடம் தருவதாகவும் ஆயிற்று. ‘பேட்டை’ என்னும் சொல் சென்னையில் இவ்விரண்டையும் ஒருங்கே சுட்டியது.

‘தொழிற்பேட்டை’ என்ற கலைச்சொல்லில் அப்பழைய சொல் அப்படியே இடம்பெற்றுள்ளது. சொல் வந்தது, வீடு வரவில்லை. இதற்கான காரணத்தை அத்திட்டத்தின் முன்மாதிரியிலேயே தேட வேண்டும்.

உலகின் முதல் திட்டமிட்ட தொழிற்பேட்டையாகக் கருதப்படும் மான்செஸ்டரின் டிராஃபோர்டு பார்க் 1896இல் தொடங்கிய தனியார் முயற்சி. அங்குத் தொழிலாளர்க்கென ஒரு சிற்றூரும் கட்டப்பட்டது. அரசு உதவிப் பேட்டைகளின் வரலாறு வேறு. பொருளாதாரப் பெருமந்தத்தால் நலிவுற்ற வட்டாரங்களுக்கென 1934இல் பிரிட்டனில் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1936இல் கேட்ஸ்ஹெட் நகரின் டீம் பள்ளத்தாக்கில் அரசு நிதியில் தொழிற்பேட்டை எழுந்தது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரும் கப்பல் கட்டும் தொழிலாளரும் அவ்வட்டாரத்தில் ஏற்கெனவே குடியிருந்தனர். அவர்களைத் தேடித் தொழில் சென்றது. ஆகவே அங்குத் தொழிற்கூடத்தை மட்டும் கட்டித் தருவது பொருத்தமாயிற்று. அம்பத்தூரிலோ நிலைமை நேர்மாறானது. தொழில் முதலில் வந்தது. தொழிலாளர் பின்னர்ப் பல மாவட்டங்களிலிருந்து வந்தனர். தொழிலாளர் முன்பே வாழ்ந்த இடத்திற்கென வகுக்கப்பட்ட ஒரு கருவி, அவர்கள் இனிமேல் வந்துசேரவேண்டிய இடத்தில் பயன்படுத்தப்பட்டது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆவடித் தீர்மானம் முதல் அம்பத்தூர் வரை

1955 சனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் நடைபெற்ற காங்கிரசு மாநாடு, சோசலிச மாதிரியிலான சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. அதே ஆண்டில் கார்வே குழு, கிராமத் தொழில்களும் சிறுதொழில்களும் வேலைவாய்ப்பைப் பெருக்கும் வழிகள் எனப் பரிந்துரைத்தது. தேசியச் சிறுதொழில் கழகமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. நாட்டின் முதல் தொழிற்பேட்டை 1955இல் இராஜ்கோட்டில் செயல்படத் தொடங்கியது. சென்னை மாநிலத்தில் கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் அமைந்தது. காமராசர் முதலமைச்சராகவும், 1957 முதல் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலம் அது.

கிண்டியின் பரப்பு ஏறத்தாழ 404 ஏக்கர். அடுத்து வந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை (1964) ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்டது. இவ்வளவு பெரிய பேட்டை அம்பத்தூரில் அமைந்ததற்கு நிலமும் இருப்புப்பாதையும் மட்டும் காரணம் அல்ல. டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949இலேயே அம்பத்தூரில் தொடங்கப்பட்டிருந்தது. 1955இல் ஆவடியில் குழாய் உற்பத்தி ஆலையும், 1959இல் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலையும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை எழுந்தன. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் இயங்கியது. திருகு, மறை, வார்ப்பு, அச்சு, கடைசல் என இவ்வாலைகளுக்குத் தேவையானவற்றைச் செய்து தரும் சிறுபட்டறைகளுக்குச் சந்தை முன்பே இருந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வெற்றிபெற்றதற்கும், நாட்டின் வேறு பல இடங்களில் கட்டப்பட்ட தொழிற்கூடங்கள் ஆளின்றிக் கிடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இது பெரிதும் விளக்கும். அரசு தந்த சலுகை, வாங்குவோர் அருகில் இருந்த இடத்திலேயே பலித்தது.

அரசின் பங்கு சிறிதென்பது இதன் பொருளன்று. ஒரு கடைசல் பொறியும் இரண்டு உதவியாளரும் கொண்ட ஒருவர், தாமே நிலம் வாங்கி, சாலை போட்டு, உயரழுத்த மின்னிணைப்புப் பெற்றுத் தொழில் தொடங்குவது அன்று இயலாத செயல். 1957இல் தோன்றிய மின்வாரியம், 1949 முதல் கடன் வழங்கிய தொழில் முதலீட்டுக் கழகம், 1970இல் அமைந்து தொழிற்பேட்டைகளின் பொறுப்பை ஏற்ற சிட்கோ ஆகியவற்றின் கூட்டுச் செயற்பாடே அத்தகையவரைத் தொழில்முனைவோர் ஆக்கியது.

ஆவடியின் மதிலுக்குள்

ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் 1961இல் நிறுவப்பட்டன. விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில் அமைந்த விஜயந்தா பீரங்கி வண்டி 1965இல் இவ்வாலையிலிருந்து வெளிவந்தது. 1976இல் போர் ஊர்தி ஆராய்ச்சி மையமும், 1987இல் எந்திரத் தொழிற்சாலையும் சேர்ந்தன. இவற்றைச் சுற்றி ஊழியர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத்திடல், அகன்ற நிழற்சாலை ஆகியன அமைந்தன. கவச ஊர்திக் கிடங்கின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே ‘ஆவடி’ ஆயிற்று என்றொரு கதை இன்றும் வழங்குகிறது. இருப்புப்பாதை நிலையத்தின் பெயராக அச்சொல் அதற்கு முன்பே இருந்தமையால் அதனை ஏற்பதற்கில்லை. ஆயினும் ஊரின் பெயரையே ஆலையிலிருந்து வருவித்துக்கொள்ளும் அளவிற்கு ஆலை ஊரை ஆட்கொண்டது என்பதற்கு அக்கதை நல்ல சான்று.

இக்குடியிருப்பை மாசற்ற முன்மாதிரியாகப் போற்ற இயலாது. அது காவலும் மதிலும் கொண்டது. நிலையான பணியில் இருந்தோர்க்கே வீடு. ஆலைக்கு வெளியே கடை வைத்தோர்க்கும் கட்டட வேலை செய்தோர்க்கும் அங்கு இடமில்லை. எனினும் ஓர் உண்மை தெளிவு. தொழிலாளிக்கு வீடு, குழந்தைக்குப் பள்ளி, நோய்க்கு மருத்துவம் ஆகியவை உற்பத்திச் செலவின் பகுதிகளே என அரசு தன் ஆலையில் ஒப்புக்கொண்டது. சில கல் தொலைவில் தான் அமைத்த பேட்டையில் அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

வரையறையில் மறைந்த தொழிலாளர்

இவ்விடத்தில் சிறுதொழில் என்பதன் வரையறையை நோக்குதல் வேண்டும். 1950களின் நடுப்பகுதியில் வகுக்கப்பட்ட வரையறை இரு அளவுகோல்களைக் கொண்டிருந்தது: மூலதனம் 5 இலட்சம் உரூபாய்க்குள் இருக்கவேண்டும், பணியாளர் மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 50 பேருக்கும், பயன்படுத்தாத இடத்தில் 100 பேருக்கும் குறைவாக இருக்கவேண்டும். 1960இல் இரண்டாம் அளவுகோல் நீக்கப்பட்டது. பணியாளர் எண்ணிக்கைக்கு வரம்பிடுவது வேலைவாய்ப்பைக் கட்டுப்படுத்தும் என்பது நியாயமான வாதமே. ஆனால் அதன்பின் சிறுதொழிலை அளக்கும் கோல் மூலதனம் ஒன்றே ஆயிற்று. வேலைவாய்ப்புக்காகத் தொடங்கிய ஒரு திட்டத்தின் வரையறையில் வேலை செய்பவர் இல்லாமற் போனார்.

சட்டங்களின் வரம்பும் இதனோடு சேர்ந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்விசையுடன் 10 பேர் வேலை செய்யும் இடத்திலிருந்தே பொருந்தியது. அதே ஆண்டில் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் தொடக்கத்தில் மின்விசையுடன் 20 பேர் உள்ள ஆலைகளுக்கே பொருந்தியது. 1952இல் நடுவண் அரசு கொண்டுவந்த மானியத் தொழிலாளர் வீட்டுவசதித் திட்டம் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வருவோர்க்கு உரியது. எட்டுப் பேர் வேலைபார்க்கும் ஒரு பட்டறை இம்மூன்றுக்கும் வெளியே நின்றது. பட்டறை சிறிதாக இருப்பது உரிமையாளர்க்குச் சலுகையைப் பெற்றுத் தந்தது. அதே சிறுமை அங்கு வேலை செய்தவர்க்கு உரிமையை மறுத்தது. துறைகளின் பிரிவினையும் இதற்கு உதவியது. பேட்டை தொழில்துறையின் பொறுப்பு. வீடு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வீட்டுவசதி வாரியத்தின் பொறுப்பு. வாரியம் அம்பத்தூர், ஆவடி, முகப்பேர் பகுதிகளில் வீடுகளும் மனைகளும் உருவாக்கியது உண்மை. அவை பேட்டையில் வேலை செய்தோர்க்கென ஒதுக்கப்பட்டவை அல்ல. தவணை கட்டவல்ல எவர்க்கும் உரியவை.

ஊரே ஏற்ற செலவு

தொழிலாளர் தாமே இடம் தேடினர். கொரட்டூர், பாடி, மண்ணூர்ப்பேட்டை, அத்திப்பட்டு, கள்ளிக்குப்பம், திருமுல்லைவாயில் எனப் பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் விளைநிலங்கள் மனைகளாயின. பழைய வீடுகளின் பின்புறத்தில் வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள் வாடகைக்கு எழுந்தன. பூந்தமல்லி போன்ற பழைய ஊர்களிலிருந்தும் பேருந்தில் ஏறி நாள்தோறும் பலர் வந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்பத்தூரின் மக்கள்தொகை 4.66 இலட்சம், ஆவடியின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.46 இலட்சம். இத்தனை பேர்க்குமான குடிநீர், கழிவுநீர், தெருவிளக்குப் பொறுப்பு, ஊராட்சிகளாகவும் பேரூர்களாகவும் இருந்து நகராட்சிகளாக வளர்ந்த உள்ளாட்சிகளின்மேல் விழுந்தது. அம்பத்தூரில் பாதாளச் சாக்கடைத் திட்டம் தொழிற்பேட்டை தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே செயலுக்கு வந்தது. அதுவரை கழிவுநீர் சென்ற இடங்களுள் ஏரிகளும் அடங்கும். கொரட்டூர் ஏரியில் வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் கலப்பது குறித்து அவ்வூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்லவேண்டியதாயிற்று. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது.

மனையும் படுக்கையும்

1991க்குப் பின் இக்கணக்கு மேலும் மாறியது. சிறுதொழிலுக்கென 1967 முதல் பொருள்களை ஒதுக்கிவைத்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2015இல் முற்றிலும் முடிவுற்றது. மகிழுந்து ஆலைகள் இருங்காட்டுக்கோட்டை, மறைமலைநகர் எனத் தெற்கிலும் தென்மேற்கிலும் பரவின. டன்லப் ஆலை மூடப்பட்டது. பேட்டையின் பட்டறைகள் சிலவற்றில் ஆயத்த ஆடை நிறுவனங்களும், வேறு சில மனைகளில் கண்ணாடிச் சுவர் கொண்ட தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் வந்தன. பட்டறைக்கென அரசு கையகப்படுத்திய நிலத்தின் இன்றைய மதிப்பு, அதில் நடைபெறும் எந்தக் கடைசல் வேலையின் வருவாயையும் விடப் பன்மடங்கு மிகுதி. அம்மதிப்பைச் சாலையும் மின்சாரமும் தந்த அரசும், பட்டறையை நடத்தியவரும், அறுபது ஆண்டுகளாக வாடகை வீட்டிலிருந்து வந்துபோன தொழிலாளரும் சேர்ந்தே உருவாக்கினர். விற்பனைப் பத்திரத்தில் இடம்பெறுபவர் மனைக்குரியவர் மட்டுமே. மனையின் பயன்பாடு மாறும்போது கிடைக்கும் மதிப்புயர்வில் ஒரு பங்கைத் தொழிலாளர் வீட்டுவசதிக்கு ஒதுக்கும் விதி தொடக்க ஒதுக்கீட்டு ஆவணங்களிலேயே இடம்பெற்றிருக்கலாம். இது பின்னோக்கிய அறிவு என ஒதுக்கத்தக்கதன்று. ஆவடியில் அதே பத்தாண்டில் வீடு கட்டிய அரசுக்கு அத்தேவை தெரியாதிருக்க வாய்ப்பில்லை.

அண்மையில் இத்திசையில் சில அசைவுகள் தெரிகின்றன. திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 படுக்கைகள் கொண்ட பணியாளர் விடுதி 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள்ளும் பணியாளர் விடுதி அமைக்கும் பணியைச் சிட்கோ மேற்கொண்டது. ஆவடிக் குடியிருப்பு குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டது. இவ்விடுதிகளோ தனியாக வந்து சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பும் இளம் பணியாளரை, அதிலும் சிறப்பாகப் பெண்களை, கருத்திற்கொண்டவை. திருமணமானபின் அப்பணியாளர் எங்கே குடியிருப்பார் என்பதற்கான ஏற்பாடு அத்திட்டங்களில் இல்லை. கள்ளிக்குப்பத்திலும் திருமுல்லைவாயிலிலும் வாடகைக்கான வரிசை வீடுகள் இன்றும் கட்டப்பட்டு வருகின்றன.