நீண்டுபோன போல்ட்

கையில் 300 ரூபாய். கலங்கல் கிராமத்து இளைஞர் ஒருவர் கோவைக்கு வந்து, ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணம். ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள் மீது அவருக்கு அப்படியொரு மோகம். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கிய கையோடு ஊர் சுற்றக் கிளம்பினாரா? அதுதான் இல்லை! அக்கக்காகக் கழற்றிப்போட்டு, திரும்ப மாட்டிப் பார்த்தார்.

பிற்பாடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டி, யு.எம்.எஸ். கம்பெனியை வளர்த்த ஜி.டி.நாயுடுதான் அவர்.

கழற்று, துடை, திரும்ப மாட்டு... காசைப் பார்த்துச் செலவழிக்கும் கொங்கு மண்ணுக்கு இந்தப் பாடம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால், ஓர் இடத்தில் மட்டும் இது செல்லாது.

காந்திபுரத்தில் ஒரு பட்டறை. சூடேறி நின்றுபோன கார். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி நிறம்! ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் போச்சு.

"கேஸ்கெட்டோட ஹெட் போல்ட்டும் செட்டா மாத்தோணுமுங்க" என்கிறார் மெக்கானிக்.

"போல்ட்டு நல்லாத்தானுங்கண்ணா இருக்குது?" காரின் சொந்தக்காரருக்குச் சந்தேகம்.

நியாயமான சந்தேகம்தான். 1908-ல் வந்த ஃபோர்டு 'மாடல் டி' காரில் ஹெட்டைத் தனியாகக் கழற்றலாம். நடுவே செம்புத் தகடு போர்த்திய ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்கெட். மேலே 15 போல்ட். கேஸ்கெட் சூட்டில் அமுங்கும் என்பதால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குவார்கள். நம்ம ஊர் அம்பாஸடர் வரை இதே கதைதான். பழசைத் துடைத்துப் போட்டார்கள், வண்டி ஓடியது.

பிறகு அலுமினிய ஹெட்டுகள் பெருகின. சூடானால் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். பிடிமானம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தாக வேண்டும். 1980-களுக்குப் பிறகு பரவலானது புதுவகை போல்ட். டார்க் ரெஞ்சால் ஓரளவு இறுக்கிவிட்டு, அப்புறம் 90 டிகிரி போல, கம்பெனி சொன்ன கோணத்துக்குத் திருப்புவார்கள். போல்ட் இழுபட்டு, தன் எல்லையைத் தாண்டி லேசாக நீண்டுவிடும். அந்த இழுவிசைதான் ஹெட்டை அமுக்கிப் பிடிக்கிறது.

அளவுக்கு மீறி இழுத்த ஸ்பிரிங் தராசு பழைய நிலைக்குத் திரும்புமா? இதுவும் அப்படித்தான். மறுபடி போட்டால் பிடி தளரலாம், போல்ட்டே முறியலாம். புது கேஸ்கெட், கூலி எல்லாமே தண்டம்!

எல்லா இன்ஜினுக்கும் இது பொருந்தாது. நீளத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் திரும்பப் போடலாம் என்கிற கம்பெனிகளும் உண்டு. ஆகவே, மெக்கானிக் போல்ட் கேட்டால் முறைக்காதீர்கள். "மேனுவல்ல என்னங்ண்ணா போட்டிருக்குது?" என்று கேளுங்கள். மாட்டுவதற்கு முன்னால் புரிந்துகொள்வது... நாயுடு அந்த ரட்ஜைக் கழற்றியதும் அதற்குத்தானே!