கத்தி கைமாறிய கதை

அரசன் ஏந்திய வாளுக்குக் கண்ணாடிப் பேழை உண்டு, காவல் உண்டு, பெயர்ப் பலகையும் உண்டு. கோடிக்கணக்கான மாந்தரின் முகத்தை நாள்தோறும் திருத்திய சவரக் கருவிக்கு என்ன உண்டு? பழைய இரும்புக் கடையின் தராசு உண்டு! தருமபுரியின் அத்தகைய கடைகளில், உடைந்த பூட்டுகளுக்கும் ஓட்டை விளக்குகளுக்கும் இடையே அது கிடக்கக் காண்கிறோம். எடைபோட்டு விற்றால் உருக்கிவிடுவர். உருகுவது வெறும் உலோகமா? ஒரு சமுதாய மாறுதலின் சான்றன்றோ!

நாம் இங்கே பேசுவது, ஒருபக்கம் மட்டுமே கூருடைய பிளேடு பூட்டிய பாதுகாப்பு ரேசரைப் பற்றி. ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற இருபக்கக் கூர் பிளேடை யாவரும் அறிவர். அதற்கு மூத்தது இது. 1769இல் பாரிசு நகரக் கத்திக் கொல்லர் பெரே, தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். 1847இல் இங்கிலாந்தில் ஹென்சன், களைக்கொட்டுப் போலக் கைப்பிடியைக் குறுக்கே பொருத்தினார். 1880இல் நியூயார்க்கின் காம்ஃபே உடன்பிறப்புகள் காப்புரிமை பெற்றனர். ‘ஸ்டார்’ ரேசர் அவர்களுடையதே.

தனக்குத் தானே! ஐரோப்பியனுக்கு அது வசதி. நம் நாட்டிலோ அந்தச் சொல் சாதியின் மீதே கைவைத்தது. ஊர்ச் சவரம் ஒரு குலத்தின் பிறவிக் கடமை என்றனர். கூலி, அறுவடைக் களத்தில் அளந்த தானியம். மருத்துவமும் அறிந்த குலம் அது. அக்குலப் பெண்களே பிள்ளைப்பேறு பார்த்தனர். உயிரைக் காத்த அந்தக் கை பட்டால் தீட்டு என்று தலை முழுகினான் மேல்சாதி மகன். செவ்வாயும் வெள்ளியும் சவரத்துக்கு ஆகாது என்ற பஞ்சாங்கப் பேச்சு வேறு. தன் ரேசரைத் தானே எடுத்தவனுக்குக் கிழமை ஏது?

ஆகவே இவற்றைத் திரட்டுவதை வீண் பொழுதுபோக்கு என எண்ண வேண்டாம். ஆனால் கண்டு திரட்ட வேண்டும். பிளேடின் ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தடித்த முதுகு என்றால், அது நாம் தேடுவது. தலை சிறு கிண்ணம்போல் குழிந்து, சோப்பு நுரையைத் தாங்குமாறு இருந்தால் ‘ஸ்டார்’ வழி வந்த பழைய வகை. அதன் பிளேடு தடித்தது, வீசி எறிவதற்கன்று, தோல்வாரில் தீட்டுவதற்கு. பிளேடைக் கழற்றாமலே தலையினூடே தோல்வாரை இழுத்துத் தீட்ட முடிந்தால், அது கெய்ஸ்மன் உருவாக்கிய ‘வேலட் ஆட்டோஸ்டிராப்’. பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல், நடுவே முன்னும் பின்னும் ஓடும் கைப்பிடி இருந்தால் லண்டனின் ‘ரோல்ஸ்’. ‘ஜெம்’, ‘எவர் ரெடி’ என்பவை அமெரிக்கப் பெயர்கள்.

இங்கே பலர் ஏமாறுகின்றனர். ‘எவர் ரெடி’ ரேசர்கள் சிலவற்றில் 1914ஆம் ஆண்டின் காப்புரிமைத் தேதி பொறித்திருக்கும். அது கருவி பிறந்த ஆண்டன்று; அதற்கு முன் அது பிறக்கவில்லை என்பதற்கே சான்று. பல ஆண்டு கழித்துச் செய்தவற்றிலும் அதே தேதி நிற்கும். கல்வெட்டு படிக்கும் பொறுமை இதற்கும் வேண்டும். துரு கண்டதும் மணல்தாள் கொண்டு தேய்க்காதீர்! நிக்கல் முலாம் போய்ப் பித்தளை பல்லிளிக்கும், எழுத்தும் அழியும். பல் துலக்கும் பழைய தூரிகையும் சோப்பு நீரும் போதும்.

எல்லாம் வெள்ளையன் கொடை என்று மயங்க வேண்டுவதில்லை. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை நாம் சேலத்தின் பகுதி. சேலம் வட்டாரமோ இரும்புக்கும் உருக்குக்கும் பேர்போனது. தென்னாட்டு உருக்கை லண்டன் கத்திக் கொல்லர் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த உருக்கினும் மேலாகக் கருதி ரேசரும் அறுவைக் கருவியும் செய்தார். அவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்தவர் ஃபாரடே; மின்னியல் மேதையான அதே ஃபாரடே! உருக்கு ஆய்வு பற்றி இருவரும் 1820இலும் 1822இலும் கட்டுரை வெளியிட்டனர். உருக்கிய கொல்லனின் பெயரை மட்டும் எவரும் எழுதவில்லை.

ரேசர் சாதியை ஒழித்ததா? இல்லை. காசுள்ளவன் வீட்டில் ‘ரோல்ஸ்’ மின்னியபோது, ஒடுக்கப்பட்டோருக்குச் சவரக்கடைக் கதவு அடைபட்டே கிடந்தது. தீண்டாமையைக் காட்டித் தொண்டு மறுப்பதைக் குற்றமாக்க 1955இல் சட்டமே வேண்டியிருந்தது.

ஆகவே நம் திரட்டில் வெளிநாட்டு ரேசருக்குப் பக்கத்திலேயே ஊர் நாவிதரின் அடைப்பமும் இருக்க வேண்டும்; மடக்குக்கத்தி, சாணைக்கல், தோல்வார், சிறு கண்ணாடி ஆகியவை அதில் இருக்கும். அதை விலை பேசுமுன், அதைச் சுமந்து நடந்த முதியவரிடம் எத்தனை வீடுகள், எத்தனை படி தானியம், எந்த வாசலில் நிறுத்தினர் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி, இசைந்தால் அவர் பெயரையும் அட்டையில் சேர்ப்போம்.