வீட்டுத் தோட்ட வேலியும் புல்தரையும்

வீட்டைச் சூழ்ந்த மனையில் காய்கறி பயிரிடவோ, பூஞ்செடி வளர்க்கவோ, மாலையில் அமர்ந்து காற்று வாங்கவோ விரும்பும் இல்லத்தார், பிறர் உதவியை அதிகம் நாடாமல், தாமே எல்லை வகுத்து, வேலி அடைத்து, நிலந்திருத்தி, புல் பதித்துக்கொள்ளும் முறைகள் இங்குக் கூறப்படும். இவற்றுள் வேலியே முதற் காரியமாகும். ஆடு நுழையும் மனையில் எத்துணை உயர்ந்த விதையை ஊன்றினும் பிரயோஜனமில்லை.

வரலாறு: தமிழ்நாட்டில் வேலியைப் பற்றிய செய்திகள் சங்க நூல்களிலேயே தெளிவாகக் காணப்படுகின்றன. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வேடராகிய எயினரது அரணைச் சூழ்ந்த தோட்டத்துக்கு உயிருள்ள முட்செடிகளாலான வேலியும், ஆயரது குடியிருப்புக்கு வெட்டிக் கொணர்ந்து இட்ட முள்ளாலான வேலியும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. நிலைத்துத் தங்குவோர் செடியை நட்டனர் என்பதும், மந்தையோடு இடம் பெயர்வோர் முள்ளை வெட்டி இட்டனர் என்பதும் இதனால் ஊகிக்கத்தக்கவை. ஆகவே, உயிர்வேலி, இடுவேலி என இக்காலத் தோட்டக்கலையார் வகுக்கும் பாகுபாடு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையதென்று கொள்வதில் தவறில்லை. வீட்டின் அருகிலுள்ள தோட்டத்துக்குப் படப்பை என்ற பெயரும், அரணைச் சுற்றி வளர்த்த காவற்காட்டுக்கு மிளை என்ற பெயரும் அந்நூல்களில் வழங்குகின்றன. திருக்குறளும் நீர், வெளிநிலம், மலை ஆகியவற்றோடு அடர்ந்த காட்டையும் அரணின் உறுப்பாக எண்ணுகின்றது. சோழர் கல்வெட்டுக்களில் வேலி என்பது நில அளவாகவே வழங்கும். இருபது மா கொண்டது ஒரு வேலி, தஞ்சைப் பிரதேசக் கணக்கில் அஃது ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அடைத்துக் காக்கப்பட்ட நிலத்தின் பெயரே பின்னர் அளவின் பெயராயிற்று எனக் கருதலாம்.

காவற்காட்டின் மரபு துப்பாக்கிகள் வந்த பின்னரும் அழியவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் மண்மதிலுக்குப் புறத்தே அடர்ந்த முள்வேலி ஒன்று சூழ்ந்திருந்ததை, அக்கோட்டையைத் தாக்கிய ஆங்கிலப் படையினரே எழுதி வைத்துள்ளனர். புதுச்சேரியிலோ பிரெஞ்சுக்காரர், நகரின் நிலப்பக்கத்தை வளைத்து முட்செடிகளாலான எல்லை வேலி ஒன்றை வளர்த்து, அதன் இடையிடையே காவற் கொத்தளங்களும் அமைத்திருந்தனர். 1760 செப்டம்பரில் ஆங்கிலேயர் அவ்வேலியைக் கைப்பற்றினர், மறு ஆண்டு ஜனவரியில் நகரம் சரணடைந்தது. இவ்வகையில் யாவற்றினும் விந்தையானது, உப்பு வரியை வசூலிக்கும் பொருட்டு வட இந்தியாவில் ஆங்கில அரசாங்கம் நிறுவிய சுங்க எல்லையாகும். 1869இல் அது சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல் நீண்டிருந்தது. ஏறக்குறைய 12,000 பேர் அதனைக் காத்தனர். அதன் பெரும்பகுதி முள்வேலியே; கருவேலும் களாவும் கள்ளியும் அதற்கென நட்டு வளர்க்கப்பட்டன. ஏழையின் உப்பைத் தடுப்பதற்காக இத்துணைச் சிரத்தையோடு தோட்டவேலை செய்த அரசாங்கம் உலகில் வேறொன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம். 1879இல் அந்த எல்லை கைவிடப்பட்டது.

வகைகள்: உயிர்வேலிச் செடிகளை நான்கு ஜாதியாகப் பிரிக்கலாம். முதலாவது, பால் வடியும் கள்ளிகள். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இலைக்கள்ளியும் இதில் அடங்கும். இவற்றைக் கால்நடை தீண்டாது. எனினும் பால் கண்ணில் பட்டால் கடுந்தீங்கு விளையுமாதலால், குழந்தைகள் விளையாடும் மனைக்கு இவை ஆகா. இரண்டாவது, முட்புதர்கள், களா, சங்கஞ்செடி, காரை, சூரை என்பன. கொடுக்காய்ப்புளி அமெரிக்காவினின்று வந்த மரமேயாயினும், நெருக்கி விதைத்துக் கத்தரித்து வந்தால் இவற்றுக்கு ஒப்பான வேலியாகும். மூன்றாவது, கிளையை வெட்டி ஊன்றினாலே தழைக்கும் மரங்கள். கிளுவை, பூவரசு, ஒதியம், முள்முருங்கை முதலியன. நான்காவது, அழகு கருதி வெட்டி ஒழுங்கு செய்யப்படும் மருதாணி, செம்பருத்தி, ஆடாதொடை போன்ற செடிகள். ரயில் பாதைகளின் இருமருங்கும் நடப்பட்ட காரணத்தால் ரயில்கற்றாழை எனப் பெயர் பெற்ற செடி இந்நான்கில் எதிலும் அடங்காது தனித்து நிற்கும்.

மூன்றாம் ஜாதியே தமிழர் கைவந்த ஜாதி எனலாம். அதிலும் கிளுவைக்கு நிகரில்லை. கொங்கு நாட்டில் காங்கயம், தாராபுரம், கரூர்ப் பகுதிகளின் மானாவாரி மேய்ச்சல் நிலங்களாகிய கொறங்காடுகள், முள்ளுடைய கிளுவையால் அடைக்கப்பட்டவை. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல் மர நிழலும், காங்கயம் மாடுகளும் இருக்கும். இரவும் பகலும் மாடு உள்ளேயே நிற்குமாதலால் மேய்ப்பானுக்கு அங்கே வேலை குறைவு. இரண்டு வேலிகளுக்கு இடையே செல்லும் வண்டிப்பாதையை இட்டேரி என்பர். அவ்வேலிகளில் கோவையும் பிரண்டையும் முடக்கொத்தானும் தூதுவளையும் தாமாகப் படர்ந்து கிடக்கும். கௌதாரியும் கீரியும் அடியில் குடியிருக்கும். ஊர்ப் பெண்டிர் குழம்புக்கும் மருந்துக்கும் பறித்துக்கொள்வது அங்கேதான். மதிற்சுவர் இவற்றுள் ஒன்றையும் தருவதில்லை.

யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்தல் ஒரு தனிக் கலையாகவே விருத்தியடைந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளைக் கதியால் என்ற பெயரால் வரிசையாக நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, அதன்மேல் முடைந்த தென்னோலையாகிய கிடுகையோ பனையோலையோ வைத்து இறுக்குவர். கிடுகைக் கீழ்வரிசையிலிருந்து தொடங்கி, மேல்வரிசையின் விளிம்பு கீழ்வரிசையின்மேல் படியுமாறு கட்டினால்தான் மழைநீர் உள்ளிறங்காமல் வழிந்தோடும். ஆள் உயரத்துக்கு மேலாக அடைப்பது வழக்கம். கிணற்றடியில் குளிக்கும் பெண்டிரின் மறைவுக்கு அதுவே துணை. பக்கத்து வீட்டாரோடு போக்குவரத்துக்கு விடும் சிறு வழியைப் பொட்டு என்றும், தெருவாயிலில் கூரை வேய்ந்து அமைப்பதைச் சங்கடப்படலை என்றும் கூறுவர். உக்கிய ஓலை வீணாவதில்லை. தோட்டத்து மண்ணில் தாழ்த்தினால் எருவாகும். கதியால் பட்டுப்போய் மாற்றி நடும் சமயங்களில், அஃது அயலான் பக்கமாக ஓரங்குலம் நகர்ந்துவிடுவதும், அதனால் இரண்டு தலைமுறை பேச்சற்றுப் போவதும் அப்பிரதேசத்தில் யாவரும் அறிந்த விஷயம்.

அந்நியச் செடிகள் சில வேலிக்கென வந்து நாட்டையே வளைத்துக்கொண்டன. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கச் செடி. அதில் வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்ற ஆசையில் 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குக் கொணரப்பட்ட பூச்சி, உண்மைச் சாயப்பூச்சி அன்று. சாயம் கிட்டவில்லை, ஆனால் அப்பூச்சியால் ஒருவகைக் கள்ளி அழிந்தது. தென்னாட்டில் மண்டிய மற்றொரு வகைக் கள்ளியோ, 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வருவிக்கப்பட்ட பின்னரே அடங்கிற்று. சீமைக் கருவேல் 1870களில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. வேலிகாத்தான் என்று மக்கள் அன்போடு பெயரிட்டு வரவேற்ற அச்செடி, பிற்காலத்தில் ஏரிகளையும் கண்மாய்களையும் தன் உடைமையாக்கிக்கொண்டது. வீட்டு வேலிக்கு இதனை நடுதல் அறிவீனமாகும்.

அமைக்கும் முறை: முதலில் மனையின் நான்கு மூலைகளிலும் முளையடித்துக் கயிறு பிடித்தல் வேண்டும், எல்லை பற்றிய பேச்சை அயலாரோடு அன்றே முடித்துக்கொள்வது உத்தமம். வெட்டிய கிளையாகிய போத்தை நடுவதாயின், இலையுதிர்ந்து நிற்கும் வேனிலில், கட்டைவிரற் பருமனுக்குக் குறையாத கிளைகளை வெட்டி, இரண்டொரு நாள் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் உலர்ந்த பின், ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் ஊன்றி மிதிக்க வேண்டும். தலைகீழாக ஊன்றிவிடாமல் கணுவைப் பார்த்துக்கொள்க. நீரை மிகுதியாக ஊற்றினால் கிளுவைப் போத்து அழுகும். வேர் இறங்கும் வரை அசைத்துப் பார்க்கும் ஆவலையும் அடக்குதல் அவசியம்.

இடுவேலிக்குக் கல்லுக்கால் சிறந்தது. வைரம் பாய்ந்த பனங்காலும் நெடுநாள் உழைக்கும். மரக்காலாயின் புதையும் பகுதியைத் தீயில் கருக்கியோ தார் பூசியோ நட்டால் கறையான் எளிதில் அணுகாது. காலின் நீளத்தில் நான்கிலொரு பாகமேனும் மண்ணுக்குள் இருத்தல் வேண்டும். காலுக்குக் கால் எட்டு அல்லது பத்தடி இடைவெளி போதும். முள்கம்பி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிட்டன் 1874இல் உரிமை பெற்ற சாதனம். அதனை இழுத்துக் கட்டும்போது பாரம் முழுவதும் மூலைக்கால்களின் மேலேயே விழுமாதலால், கம்பி இழுக்கும் திசையில், காலின் உட்புறமாக, சாய்வான முட்டுக்கால் கொடுத்த பின்னரே கம்பியைத் தொட வேண்டும். இதைச் செய்யாதவன் வேலி அடுத்த மழையில் மண் இளகியதும் உட்புறமாகச் சாயும்.

புல்தரை: வெட்டிய புல்தரை இங்கிலாந்தின் ஈரமான சீதோஷ்ணத்துக்கு இயல்பானது, 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் பொறியைக் கண்ட பின் அங்கு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிற்று. தமிழ்நாட்டில் 1835இல் தோன்றிய சென்னை விவசாய தோட்டக்கலைச் சங்கமும், 1848 முதல் மக்கைவர் என்பவர் உருவாக்கிய உதகமண்டலத் தாவரத் தோட்டமும் இவ்வழக்கம் பரவக் காரணமாயின. சமவெளியின் வெயிலைத் தாங்கக்கூடியது நம் அறுகே. வேறு புல்லைத் தேடியலைவது வீண் பிரயத்தனம்.

சித்திரை வைகாசியில் மண்ணை ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழம் வரை கொத்திப் புரட்டி வெயிலில் காயவிட வேண்டும். பெரும்பகை கோரை. மேலே பிடித்து இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும். கீழே கறுத்த சிறு கிழங்குகள் நூலிழை போன்ற தண்டால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அந்த இழையைப் பற்றிக்கொண்டே தோண்டிச் சென்று, கடைசிக் கிழங்கு வரை பொறுக்கி எடுத்தல் வேண்டும். பின் நீர் பாய்ச்சி, எஞ்சியவை முளைத்தெழுந்ததும் மீண்டும் களைந்து, இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால் நிலம் சுத்தமாகும். மக்கிய எருவும், களிமண்ணாயின் மணலும் கலந்து, வீட்டுச் சுவரினின்று வெளிநோக்கிச் சிறு சரிவு இருக்குமாறு மட்டம் செய்து, நீர்விட்டு எங்கே தேங்குகிறதென்று பார்த்து மேடு பள்ளம் நிரவுக.

அறுகந்தண்டுகளை மூன்று நான்கு அங்குல இடைவெளியில் நடலாம். அல்லது, தண்டை இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்கி, சாணமும் களிமண்ணும் நீரும் கலந்த குழம்பிற் பிசைந்து, நனைத்த நிலத்தின்மேல் ஓரங்குலக் கனத்துக்குப் பூசி, மேலே சிறிது மண் தூவலாம். இம்முறையில் தரை விரைவாக மூடும். முதல் வெட்டு கத்தரியாலோ அரிவாளாலோ செய்யப்படல் நன்று. வேர் பிடிக்குமுன் பொறியை ஓட்டினால் புல் பெயர்ந்து வரும். மர நிழலில் அறுகு நிலைக்காது; அவ்விடத்தைக் கூழாங்கல் பரப்பி விட்டுவிடலாம்.

தற்கால நிலை: சிமெண்ட் கால்களும் கம்பிவலையும் பெரும்பாலும் உயிர்வேலியின் இடத்தைக் கொண்டுவிட்டன, கொரியப் புல்லைச் சதுரத் தகடுகளாக வாங்கி ஒரே நாளில் விரிக்கின்றனர். கிளுவைப் போத்து வேண்டுவோர், பழைய வேலி வைத்திருப்பவரிடம் கேட்டு வெட்டிக்கொள்வதே வழக்கம்.