மாமா விட்டுப்போன ஏழு வரிகள்

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் பாடும் வில்லுப்பாட்டு ஒன்றை மாமா தொண்ணூறுகளில், நாகர்கோவில் அச்சகம் ஒன்றின் மேகின்டாஷில், ஓலை ஏட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்திருந்தார். ஏடு செல்லரித்துப் போயிற்று. மாமாவும் இல்லை. கோப்பு மட்டும் ஒரு சிடியில் மிஞ்சியது.

லினக்ஸில் திறந்தேன். விண்டோஸ் கோப்புகளில் வழக்கமாக வரும் உபரிக் குறிதானே என்று, டிஆர் நிரலால் 'கேரேஜ் ரிட்டர்ன்' எல்லாவற்றையும் அழித்து, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். சிடியைத் திரும்பப் போட்டால் படிக்கவில்லை. மொத்தப் பாட்டும் ஒரே வரியாகிக் கிடந்தது.

இதன் வேர் டெலிபிரிண்டரில் இருக்கிறது. வரி முடிந்தால் அதற்கு இரண்டு வேலை: அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி மேலே நகர வேண்டும். ஆஸ்கியில் முன்னதற்கு எண் 13, பின்னதற்கு 10. 1963-இல் வந்த டெலிடைப் 33 நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். அச்சுத்தலை ஓரத்துக்குப் போய்ச் சேர அவகாசம் தரவும் இந்த இரண்டு குறிகள் உதவின. இயந்திரம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. மல்டிக்ஸும் அதன் வழியில் யூனிக்ஸும் 10-ஐ மட்டும் வைத்துக்கொண்டன. சிபி/எம், டாஸ், விண்டோஸ் இரண்டையும் வைத்தன. பழைய மேகின்டாஷ் 13-ஐ மட்டும். நான் உபரி என்று நினைத்தது, மாமாவின் கோப்பில் வரிமுடிவே அதுதான். அழிக்காமல் 13-ஐ 10 ஆக மாற்றியிருந்தால் போதும். அதே டிஆர் அதையும் செய்யும்.

ஆச்சியிடம் அச்செடுத்துக் காட்டினேன். "என்ன மக்கா, மூச்சு விட எடமே இல்லாம கெடக்கு?" என்றாள். பிறகு, "ஏட்டுலயும் இப்படித்தான் கெடக்கும். பாடத் தெரிஞ்சவனுக்குத்தான் நிறுத்தம் தெரியும்."

உண்மைதான். ஓலையில் செய்யுளை வரி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. இடம் தீரும்வரை ஓடும். சீர் பிரித்து, அடி பிரித்து அச்சேற்றியவர்கள் பதிப்பாசிரியர்கள். மாமாவும் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறார்.

ஆச்சி பாடினாள். அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் என்டர் தட்டினேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. வந்தது 405 வரி.

டெர்மினலில் பழைய கோப்பின் அளவு இன்னும் தெரிந்தது. அழித்த பிறகு குறைந்திருந்தது 412 பைட். ஒரு வரிக்கு ஒரு பைட் என்றால், மாமா ஏழு இடத்தில் கூடுதலாக நிறுத்தியிருக்கிறார்.

எந்த ஏழு என்று இனி யாரிடம் கேட்பது?